எழுதத் தெரிந்த அடிமைக்கு மறுநாள் காலையில் என்ன மாறியது?

#1 ஓலைச்சுவடி

"கல்வியே விடுதலை" என்று மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்கிவிடலாம். எனக்கு வேண்டியது அது இல்லை. அமெரிக்கத் தென் மாகாணங்களில், 1865-க்கு முன்னால், ஓர் அடிமை எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டால் மறுநாள் காலையில் அவன் வாழ்க்கையில் என்ன மாறியது? மனசு மலர்ந்தது, உலகம் விரிந்தது என்பதெல்லாம் இருக்கட்டும். கையில் பிடித்துப் பார்க்கிற மாதிரி ஒரு பதில் வேண்டும். அப்படி ஒன்றுமே மாறவில்லை என்றால் எதற்காகச் சட்டம் போட்டுத் தடுத்தார்கள்? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

#2 கடலோடி

ஒரே சொல்லில் பதில்: சீட்டு.

பண்ணை எல்லையைத் தாண்டும் அடிமை கையில் எஜமான் எழுதிக் கொடுத்த பாஸ் இருக்க வேண்டும். பெரும்பாலும் சாதாரணத் துண்டுக் காகிதம்தான். தேதி, ஆள் பெயர், எங்கே போகிறான், எப்போது திரும்பவேண்டும், அடியில் எஜமானின் கையெழுத்து. ஜார்ஜியா மாகாணத்தின் சவானா நகரில் 1860 மார்ச் தேதியிட்ட ஒரு பாஸின் வாசகம் இன்றும் கிடைக்கிறது. ஊர், தேதி, "இதைக் கொண்டுவருபவரை 9 முதல் 10.30 வரை விடவும்", கையெழுத்து. முடிந்தது. அந்த ஊரில் இரவு 9-க்கு மணி அடிப்பார்கள். அதற்குமேல் பாஸ் இல்லாமல் தெருவில் அகப்பட்ட கறுப்பினத்தவர், அடிமையோ சுதந்திரமானவரோ, விடியும்வரை காவல் கொட்டடியில்தான் கிடக்கவேண்டும். அடிமையென்றால் காலையில் எஜமான் வந்து அபராதம் கட்டி மீட்டுப்போவார்.

இந்தக் காகிதத்தில் முத்திரை இல்லை, சாட்சிக் கையெழுத்து இல்லை. ஆளைக் கட்டிப்போட்ட சங்கிலி இரண்டு வரி மையில் இருந்தது என்றால், அந்த இரண்டு வரியை எழுதத் தெரிந்தவன் கையில் சாவி வந்துவிட்டது என்றுதானே அர்த்தம்? மறுநாள் காலையில் மாறியது இதுதான்.

ஆனால் பாஸ் எழுதுவது நினைக்கிற அளவுக்குச் சுலபம் இல்லை. ஓட்டை விழும் இடங்கள் மூன்று.

முதலாவது, கையெழுத்து. பக்கத்துப் பண்ணைக்காரனுக்கு எஜமானின் எழுத்து பழக்கம். பத்து, பதினைந்து மைலுக்குள் போலி பாஸ் காட்டினால் ஆபத்து. தூரம் போகப் போக ஆபத்து குறையும். ஆனால் அவ்வளவு தூரம் போகிற அடிமையைக் கண்டாலே சந்தேகம் வரும்.

இரண்டாவது, நடை. எஜமான்கள் எழுதும் வாய்ப்பாடு ஒன்று உண்டு. "கீழே கையொப்பமிட்ட நான், என் வேலையாளான இவனுக்கு..." என்று போகும். படித்த புத்தக மொழியில் அழகாக எழுதினால் மாட்டிக்கொள்வான்.

மூன்றாவது, தேதி. ஒரு பாஸ் ஒரு பயணத்துக்குத்தான். பிடிபட்டபோது பையில் பழைய பாஸ் இருந்தால் அதுவே சாட்சி.

இன்னொரு பக்கம், ரோந்து வந்தவர்களில் எழுத்தறியாதவர்கள் இருந்தார்கள். ஏதோ ஒரு பழைய காகிதத்தைத் தைரியமாக நீட்டி, அவர்கள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு விட்ட கதைகளை முன்னாள் அடிமைகள் வயதான காலத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

#3 மாடசாமி

அப்படியானால் ஆபத்து எழுத்தில்தான், படிப்பில் இல்லை என்கிறீர்களா அண்ணே? சட்டம் ரெண்டையும்தானே தடுத்தது?

#4 சட்டப்பித்தன்

நல்ல கேள்வி. முதலில் தடுத்தது எழுத்தை மட்டும். பலர் கவனிக்காமல் தாண்டிப்போகும் இடம் இது.

தென் கரோலினாவின் 1740-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பாருங்கள். முந்தைய ஆண்டு ஸ்டோனோ ஆற்றங்கரையில் நடந்த அடிமைகளின் கிளர்ச்சிக்குப் பிறகு வந்தது. அடிமைக்கு எழுதக் கற்றுக்கொடுத்தால், அல்லது எழுத்து வேலையில் அமர்த்தினால் 100 பவுண்டு அபராதம். படிப்பைப் பற்றி அதில் பேச்சே இல்லை. அந்தக் காலத்தில் வெள்ளைக்காரக் குழந்தைகளுக்கே படிப்பு ஒரு பாடம், எழுத்து வேறொரு பாடம். பைபிள் வாசிக்கத் தெரிந்த அடிமை நல்ல கிறிஸ்தவன் என்று நினைத்த எஜமான்கள் இருந்தார்கள். எழுதத் தெரிந்த அடிமை என்றால் பாஸ் எழுதுவான். அது மட்டும் கூடாது.

படிப்பின்மீது பயம் பெரிதாக வளர்ந்தது 1829-க்குப் பிறகு. அந்த ஆண்டு பாஸ்டனில் டேவிட் வாக்கர் என்ற சுதந்திரக் கறுப்பினத்தவர், பழைய துணி வியாபாரி, அடிமைத்தனத்தை எதிர்த்து எழுச்சியறிக்கை ஒன்றை அச்சிட்டார். அது கப்பல் வழியாகத் தெற்கே வந்து சேர்ந்தது. ஜார்ஜியா உடனே, அதே 1829 டிசம்பரில், படிக்கவோ எழுதவோ கற்றுக்கொடுக்கும் வெள்ளையருக்கு 500 டாலர் வரை அபராதம், அதோடு சிறை என்று சட்டம் போட்டது. அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் வேலையில் கறுப்பினத்தவரை வைக்கக்கூடாது என்பதும் அதில் உண்டு. 1831 ஆகஸ்டில் வர்ஜீனியாவில் நாட் டர்னர் என்ற அடிமை நடத்திய கிளர்ச்சி. அவர் படிக்கத் தெரிந்தவர், பிரசங்கி. அதற்குப் பிறகு பயம் இரட்டிப்பானது.

சில மாகாணங்களின் கணக்கு:

வட கரோலினா, 1830: கற்றுக்கொடுத்த வெள்ளையருக்கு 100 முதல் 200 டாலர் அபராதம் அல்லது சிறை. கற்றுக்கொடுத்தவர் அடிமையென்றால் 39 சவுக்கடி. இந்தச் சட்டத்தில் ஒரு விலக்கு: "எண்கள் நீங்கலாக". கணக்குச் சொல்லிக்கொடுக்கலாம்! மூட்டை எண்ணவும் மரம் அளக்கவும் எஜமானுக்கு ஆள் வேண்டுமே.

அலபாமா, 1832: 250 முதல் 500 டாலர்.

தென் கரோலினா, 1834: இப்போது படிப்பும் சேர்ந்துவிட்டது. வெள்ளையருக்கு 100 டாலர் வரை அபராதமும் 6 மாதம் வரை சிறையும். சுதந்திரக் கறுப்பினத்தவருக்கு 50 சவுக்கடி, 50 டாலர். அடிமைக்கு 50 சவுக்கடி.

வர்ஜீனியா, 1831: இது வேறு மாதிரி. கூட்டமாகச் சேர்ந்து படிப்பதும் கூலிக்குக் கற்றுக்கொடுப்பதும் குற்றம். நார்ஃபோக் நகரில் மார்கரெட் டக்ளஸ் என்ற வெள்ளைக்காரத் தையற்காரி சுதந்திரக் கறுப்பினக் குழந்தைகளுக்கு வீட்டில் பாடம் நடத்தி, 1854 தொடக்கத்தில் ஒரு மாதம் சிறையில் இருந்தார். அவர் அடிமை ஒழிப்புக்காரரே இல்லை. சர்ச் ஞாயிறு வகுப்பில் அதே புத்தகங்களைக் கொடுக்கிறார்கள், அதனால் தப்பில்லை என்று நினைத்திருந்தார். வக்கீல் வைக்காமல் தானே வாதாடித் தோற்றார்.

#5 மாடசாமி

மேரிலாந்தை விட்டுட்டீங்களே. அடிமையாகப் பிறந்து, தப்பி, தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதிய ஃபிரெடரிக் டக்ளஸ் அங்கேதானே. அவருடைய எஜமான் ஹியூ ஆல்ட், மனைவி சோஃபியா பாடம் சொல்லிக்கொடுப்பதைப் பார்த்து "இது சட்டவிரோதம்" என்று நிறுத்தினதாக டக்ளஸே எழுதியிருக்கிறார்.

#6 சட்டப்பித்தன்

மறக்கவில்லை, வேண்டுமென்றேதான் விட்டேன் தம்பி. மேரிலாந்தில் அடிமைக்குப் படிக்கக் கற்றுக்கொடுப்பதைத் தடுக்கும் சட்டம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. கென்டக்கியிலும் டென்னசியிலும் இல்லை. ஆல்ட் சொன்னது தெரியாமலா, மனைவியைப் பயமுறுத்தவா என்பது வேறு விஷயம். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, சட்டமே இல்லாத இடத்திலும் தடை இருந்தது என்பதை. ஆல்ட் இருந்த மேரிலாந்தின் பால்டிமோர் நகரில் எஜமானின் ஒரு சொல்லே சட்டம். சட்டம் கடுமையாக இருந்த சவானாவிலோ பள்ளிக்கூடம் ரகசியமாக ஓடிக்கொண்டிருந்தது. சட்டப் புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு எங்கே எவ்வளவு பேர் படித்தார்கள் என்று முடிவுகட்ட முடியாது.

இன்னொன்று. ஆல்ட் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள். படித்தால் அடிமை வேலைக்கு லாயக்கற்றவன் ஆகிவிடுவான், அடக்கமுடியாது என்றார். சிறுவன் டக்ளஸ் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். எது அவ்வளவு ஆபத்தோ அதுதான் தனக்கு வேண்டும் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. எஜமான் எடுத்த பாடம்தான் முதல் பாடம்!

#7 நிலவழகி

ஆசிரியர் இல்லாமல் எப்படிக் கற்றார்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். என் பார்வையில் இதுதான் இந்த விஷயத்தின் உயிர்.

ஆங்கில எழுத்தில் உள்ள சங்கடம் நமக்குத் தெரியும். தமிழில் க, கா, கி, கீ என்று வரிசை பிடித்தால் வாசிப்பு வந்துவிடும். ஆங்கிலத்தில் எழுத்துக்கும் ஒலிக்கும் ஒட்டு உறவு குறைவு. அதனால் நோவா வெப்ஸ்டர் 1783-இல் வெளியிட்டு, பிறகு பலமுறை திருத்திய எழுத்துக்கூட்டுப் புத்தகம் எல்லாருக்கும் முதல் படி. அட்டை நீலம், அதனால் நீல அட்டை என்றே பேர். அதன் அமைப்பு நம் அரிச்சுவடிக்குக் கிட்டத்தில் வரும். முதலில் அகரவரிசை. அடுத்து ஒரு மெய்யும் ஒரு உயிரும் சேர்ந்த அசைகள்: ப, பெ, பி, போ என்று வரிசை வரிசையாக. பிறகு ஓரசைச் சொற்கள். அதன்பின் ஈரசைச் சொற்கள் தொடங்கும் பக்கம். அதில் முதல் சொல் "பேக்கர்". "நான் பேக்கர் வரைக்கும் போயிட்டேன்" என்றால் அசை பிரிக்கத் தெரியும் என்று அர்த்தம். பாதிப் பேர் தேங்கிப்போகும் இடமும் அதற்குச் சற்று முன்தான். எழுத்துப் பெயர் தெரியும், கூட்டத் தெரியாது.

டக்ளஸின் வழியை வரிசையாகப் பார்த்தால் கையில் கிடைத்ததையெல்லாம் பள்ளிக்கூடமாக்கியது தெரியும்.

சோஃபியா கொடுத்தது அகரவரிசையும் மூன்று, நான்கு எழுத்துச் சொற்களும் மட்டும். அங்கே நின்றுபோனது. அடுத்து தெருப் பையன்கள். வீட்டில் ரொட்டிக்குக் குறைவில்லை. தெருவில் இருந்த ஏழை வெள்ளைக்காரப் பையன்களுக்கு அது கிடைக்காது. கடைக்கு அனுப்பினால் வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டு, ரொட்டியைக் கொடுத்துப் பாடம் வாங்கினார். நீல அட்டைப் புத்தகம் எப்போதும் பையில்.

எழுத்து வேறு வழியில் வந்தது. கப்பல் கட்டும் தளத்தில் தச்சர்கள் செதுக்கிய மரத்துண்டில், அது கப்பலின் எந்தப் பக்கம் போகவேண்டும் என்று எழுத்துப் போடுவார்கள். இடப்பக்கம் லார்போர்டு, அதற்கு "எல்". வலப்பக்கம் ஸ்டார்போர்டு, "எஸ்". இடப்பக்க முன்பகுதிக்கு "எல் எஃப்", வலப்பக்கப் பின்பகுதிக்கு "எஸ் ஏ". ஆக நான்கு எழுத்துகள்: எல், எஸ், எஃப், ஏ. இந்த நான்கையும் வரையப் பழகிக்கொண்டு, எழுதத் தெரிந்த பையனைக் கண்டால் "உன்னைவிட நன்றாக எழுதுவேன்" என்று சவால் விடுவார். அவன் "எங்கே, இதைவிட எழுது பார்ப்போம்" என்று வேறு எழுத்துகளைப் போட்டுக் காட்டுவான். அதுவே பாடம். பலகை வேலி, செங்கல் சுவர், நடைபாதை எல்லாம் ஏடு. ஒரு துண்டுச் சுண்ணக்கட்டி எழுதுகோல்.

அச்செழுத்து மாதிரி எழுதினால் பாஸுக்கு உதவாது. கூட்டெழுத்து வேண்டும். அதற்கு அவர் நீல அட்டையில் சாய்வெழுத்தில் அச்சான பகுதிகளைப் பார்த்து எழுதினார். அது பழகிய பிறகு, எஜமானின் மகன் தாமஸ் பள்ளியில் எழுதி முடித்து மூலையில் போட்ட நோட்டுகள். திங்கள்கிழமை பிற்பகல் சோஃபியா வெளியே போவார். அந்த நேரத்தில் தாமஸ் எழுதிய வரிகளுக்கு நடுவில் இருந்த வெற்றிடத்தில் அதே மாதிரி எழுதிப் பழகினார். இதன் பலனைக் கவனியுங்கள். எஜமான் வீட்டுக் கையெழுத்தின் சாயலே அவருக்கு வந்துவிடும். கடலோடி #2-இல் சொன்ன முதல் ஓட்டை அடைபடுகிறது.

படிப்பதற்கு என்று அவர் காசு கொடுத்து வாங்கிய முதல் புத்தகம் ஒரு பேச்சுத் தொகுப்பு. விலை 50 சென்ட், அதுவும் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுச் சேர்த்தது. அதில் எஜமானும் ஓடிப்போய்ப் பிடிபட்ட அடிமையும் வாதம் செய்யும் உரையாடல் ஒன்று உண்டு. அடிமை ஒவ்வொரு வாதத்துக்கும் பதில் சொல்லி ஜெயிப்பான்.

#8 ஓலைச்சுவடி

அருமை. சவானாவில் ரகசியப் பள்ளி என்று சட்டப்பித்தன் சொன்னாரே, அது எப்படி நடந்தது?

#9 நிலவழகி

சூசி கிங் டெய்லர் விவரமாக எழுதியிருக்கிறார். 1848-இல் அடிமையாகப் பிறந்தவர். உட்ஹவுஸ் என்ற சுதந்திரக் கறுப்பின விதவையின் வீட்டுச் சமையலறைதான் பள்ளி. 25, 30 பிள்ளைகள். போலீஸ்காரரோ வெள்ளைக்காரரோ பார்க்காமல் இருக்கப் புத்தகத்தைக் காகிதத்தில் சுற்றி எடுத்துப்போகவேண்டும். வாசலில் ஒவ்வொருவராக நுழையவேண்டும், சேர்ந்து போகக்கூடாது. வெளியே வருவதும் அப்படியே; கொஞ்சம் தள்ளி ஒரு சதுக்கத்தில் ஒன்றுகூடுவார்கள். பிள்ளைகள் தொழில் பழக வருகிறார்கள் என்று அக்கம்பக்கத்தார் நினைத்துக்கொண்டார்கள். பிள்ளைகளைத் தொழில் பழக அனுப்புவது அங்கே வழக்கம், அதனால் சந்தேகம் வரவில்லை.

இந்தச் சிறுமி பெரியவளாகும் முன்பே தன் பாட்டிக்குப் பாஸ் எழுதிக்கொடுத்திருக்கிறாள். #2-இல் வரும் 9 முதல் 10.30 பாஸ் அவர் பதிவுசெய்து வைத்ததுதான்.

#10 கடலோடி

இப்போது தோற்றுப்போன முயற்சி ஒன்று. ஜெயித்ததைவிட இதில்தான் பாடம் அதிகம்.

1836 ஈஸ்டர். பால்டிமோரிலிருந்து மேரிலாந்தின் கிழக்குக் கரைக்கு மாற்றப்பட்டிருந்த டக்ளஸும் இன்னும் நால்வரும் அங்கிருந்து கிளம்பத் திட்டம். சனிக்கிழமை இரவு ஒரு பெரிய மரத்தோணியை எடுத்துக்கொண்டு செசபீக் வளைகுடாவில் வடக்கே 70, 80 மைல் துடுப்புப் போடுவது. வளைகுடா முடியும் இடத்தில் தோணியை விட்டுவிட்டு வடமீனைப் பார்த்து நடப்பது. நீர்வழியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. தோணியில் போகிற கறுப்பினத்தவரைப் பார்ப்பவர்கள் மீன்பிடிக்கிறவர்கள் என்று நினைப்பார்கள். தரைவழியில் எந்த வெள்ளைக்காரனும் நிறுத்திக் கேட்கலாம். ஆளுக்கொரு பாஸை டக்ளஸ் எழுதினார். ஈஸ்டர் விடுமுறையைக் கழிக்கப் பால்டிமோர் போக முழு அனுமதி என்று வாசகம். பண்டிகைக்கு ஊர்விட்டு ஊர் போவது இயல்பு, அதனால் காரணமும் பொருத்தம்தான்.

எழுத்தில் கோளாறு இல்லை. யாரோ காட்டிக்கொடுத்தார்கள். சனிக்கிழமை காலையிலேயே பிடித்துவிட்டார்கள். நால்வரில் ஒருவரான ஹென்றி ஹாரிஸ் கையைக் கட்டவிட மறுத்துத் திமிற, அந்தக் களேபரத்தில் டக்ளஸ் தன் பாஸை அடுப்பில் போட்டுவிட்டார். கட்டி இழுத்துப் போகும் வழியில் ஹென்றி "என் பாஸை என்ன செய்ய?" என்று கேட்டார். ரொட்டியோடு சேர்த்துத் தின்றுவிடு என்றார் டக்ளஸ். மற்றவர்களுக்கும் காதோடு காதாகச் சொல்லி, எதையும் ஒப்புக்கொள்ளாதே என்றார்கள். காகிதம் வயிற்றுக்குள் போனபிறகு சாட்சி என்ன இருக்கிறது? ஈஸ்டன் சிறையில் அடைத்தார்கள், ஆனால் ஓடத் திட்டம் போட்டதை நிரூபிக்க முடியவில்லை. மற்ற நால்வரையும் எஜமான்கள் வந்து அழைத்துப்போனார்கள், டக்ளஸை மட்டும் கடைசியாக விட்டு மறுபடி பால்டிமோருக்கு அனுப்பினார்கள்.

ஓடத் துணைசெய்யும் அதே காகிதம் பிடிபட்டால் கழுத்துக்குக் கயிறு. பாஸ் எழுதுபவன் அதை அழிக்கும் வழியையும் சேர்த்தே யோசிக்கவேண்டும்.

1838 செப்டம்பர் 3-இல் அவர் தப்பியபோது தான் எழுதிய பாஸைப் பயன்படுத்தவே இல்லை. ஒரு நண்பரிடம் இரவல் வாங்கிய மாலுமிச் சான்று. அமெரிக்க மாலுமிகளைப் பிற நாட்டுக் கப்பற்படைகள் பிடித்துப்போகாமல் இருக்க 1796-இல் வந்த ஏற்பாடு அது. காகிதத்தின் தலையில் அமெரிக்கக் கழுகு. சான்றில் இருந்த அங்க அடையாளம் டக்ளஸுக்குப் பொருந்தவில்லை. அதற்குரியவர் இன்னும் கறுத்தவர். அதனால் ஸ்டேஷனில் சீட்டு வாங்கப் போகவில்லை, அங்கே நிதானமாகப் படித்துப் பார்ப்பார்கள். வண்டி நகரும்போது ஏறிக்கொண்டார். சிவப்புச் சட்டை, தார்பூசிய தொப்பி, கழுத்தில் தளர்வாகக் கட்டிய கறுப்புத் துணி, வாயில் மாலுமிப் பேச்சு. கண்டக்டர் கழுகைப் பார்த்தார், காசை வாங்கினார், போய்விட்டார். ஹாவ்ர டி கிரேஸில் சஸ்குஹன்னா ஆற்றைப் படகில் கடந்து, வில்மிங்டனில் நீராவிப் படகு, பிலடெல்ஃபியா, அங்கிருந்து ரயிலில் நியூயார்க். 24 மணி நேரத்துக்குள் முடிந்தது.

#11 மாடசாமி

இங்கேதான் எனக்கு உடன்பாடு இல்லை. ஜெயித்த பயணத்தில் அவர் எழுத்தே உதவவில்லை என்று நீங்களே சொல்கிறீர்கள். அடிமையாக இருந்து தப்பிய ஹேரியட் டப்மனுக்கு எழுதப் படிக்கவே தெரியாது. சுமார் 13 முறை மேரிலாந்துக்குத் திரும்பிப்போய் ஏறக்குறைய 70 பேரை மீட்டு வந்தார். காட்டையும் ஆற்றையும் நட்சத்திரத்தையும் படிக்கத் தெரிந்திருந்தது, அது போதாதா?

#12 கடலோடி

போதாது. டப்மனையே எடுத்துக்கொள்வோம்.

1854 கிறிஸ்துமஸுக்குத் தன் சகோதரர்களை மீட்க வருவதாகத் தகவல் அனுப்பவேண்டும். பிலடெல்ஃபியாவில் ஒருவரை எழுதச் சொல்லி, டார்செஸ்டர் கவுண்டியில் இருந்த ஜேக்கப் ஜாக்சன் என்ற சுதந்திரக் கறுப்பினத்தவருக்குக் கடிதம் போட்டார். அவருக்குப் படிக்கத் தெரியும். அதில் "சகோதரர்களை ஜெபத்தில் விழித்திருக்கச் சொல், சீயோனின் பழைய கப்பல் வரும்போது ஏறத் தயாராக இருக்கட்டும்" என்று ஒரு வரி. சுதந்திரக் கறுப்பினத்தவருக்கு வரும் கடிதத்தைத் தபால்காரர்கள் முதலில் பிரித்துப் படித்துவிடுவார்கள். படித்தார்கள், ஒன்றும் புரியவில்லை, ஜாக்சனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் ஒரு தடவை கண்ணை ஓட்டிவிட்டு, "இது எனக்கு வந்ததே இல்லை, தலையும் புரியலை வாலும் புரியலை" என்று தள்ளிவிட்டார். நேரே போய்ச் சகோதரர்களிடம் சொன்னார். மூன்று பேர் தப்பினார்கள்.

எழுத்தறியாத டப்மனுக்கு இரு முனையிலும் எழுத்தறிந்த ஒருவர் தேவைப்பட்டார். ஒரு சமூகத்தில் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டியதில்லை, பத்துக்கு ஒருவருக்குத் தெரிந்தாலே மற்ற ஒன்பது பேர் வாழ்க்கை மாறும். எஜமான்கள் பயந்தது இதற்குத்தான்.

#13 மாடசாமி

சரி, ஒப்புக்கொள்கிறேன் அண்ணே. ஜாக்சன் கதை தெரியாது.

#14 சட்டப்பித்தன்

எழுத்து மாட்டிவிட்டதும் உண்டு. டக்ளஸ் 1845-இல் தன் வாழ்க்கையை அச்சிட்டபோது ஊர், எஜமான் எல்லாரையும் பேர் சொல்லி எழுதினார். பேர் சொல்லாவிட்டால் இவ்வளவு நன்றாகப் பேசுபவன் அடிமையாக இருந்திருக்க முடியாது என்று வடக்கே நம்பமாட்டார்கள். சொன்னால் தெற்கே இருக்கும் எஜமானுக்கு முகவரி கொடுத்த மாதிரி. சட்டப்படி அவர் இன்னும் ஆல்ட் குடும்பத்தின் சொத்து. பிரிட்டனுக்குப் போய்விட்டார். அங்கே நண்பர்கள் பணம் திரட்டி, 1846 டிசம்பரில் 150 பவுண்டு, அதாவது 711 டாலர் 66 சென்ட், கொடுத்து விடுதலைப் பத்திரம் வாங்கினார்கள்.

கணக்குப் படிப்பு பற்றியும் ஒரு வார்த்தை. பால்டிமோரில் டக்ளஸுக்குக் கப்பல் பலகை இடுக்கில் நார் திணித்துத் தார் அடைக்கும் வேலை, நம் ஓடாவிகள் கலப்பத்து என்பது. நாளைக்கு ஒன்றரை டாலர் வரை சம்பாதிப்பார். 1838-இல் அவரே வேலை தேடிக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம்: வாரம் 3 டாலர் எஜமானுக்கு, சாப்பாடு தங்கல் இரண்டரை டாலர் அவர் பொறுப்பு, துணியும் கருவியும் அவர் பொறுப்பு. மொத்தம் வாரம் 6 டாலர் செலவு. மழை பெய்து வேலை இல்லாவிட்டாலும் அந்த 3 டாலர் போயாக வேண்டும். எஜமானுக்கு நஷ்டமே வராத ஒப்பந்தம் இது என்று எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். வட கரோலினா "எண்கள் நீங்கலாக" என்று விட்டது எவ்வளவு பெரிய அசட்டுத்தனம் பாருங்கள்.

#15 ஓலைச்சுவடி

1865-க்குப் பிறகு? பாஸ் இல்லை, சவுக்கு இல்லை. எழுத்தின் பயன் முடிந்துவிட்டதா?

#16 சட்டப்பித்தன்

காகிதம் மாறியது, அவ்வளவுதான். பாஸ் போய் ஒப்பந்தம் வந்தது. விடுதலையானவர்கள் பழைய பண்ணையிலேயே ஆண்டு ஒப்பந்தத்தில் வேலை செய்தார்கள். படிக்கத் தெரியாதவர் பெயருக்கு எதிரே பெருக்கல் குறி போட்டார். பங்குக்கு உழுதவர்கள் விதை, உரம், மாவு எல்லாம் பண்ணைக் கடையில் கடன் வாங்கி, அறுவடைக்குப் பிறகு கணக்குத் தீர்ப்பார்கள். கணக்குப் புத்தகம் நிலக்காரர் கையில். எந்தத் தேதியில் என்ன வாங்கினோம் என்று தனியாக ஒரு நோட்டில் குறித்து வைக்கத் தெரியாதவருக்கு ஆண்டு முடிவில் எப்போதும் பாக்கிதான்.

அடுத்தது ஓட்டு. மிசிசிப்பி 1890 அரசியலமைப்பில், ஓட்டுப் போட வேண்டுமானால் அரசியலமைப்பின் எந்தப் பிரிவையும் படிக்கத் தெரியவேண்டும், அல்லது படித்துக் காட்டினால் புரிந்துகொள்ளவேண்டும், அல்லது நியாயமான விளக்கம் சொல்லவேண்டும் என்றார்கள். அதோடு 2 டாலர் தலைவரி. எது நியாயமான விளக்கம் என்று தீர்மானிப்பது பதிவு அதிகாரி. படிக்கத் தெரியாத வெள்ளையருக்குச் சுலபமான பிரிவு, படித்த கறுப்பினத்தவருக்குக் கடினமான பிரிவு. லூசியானா 1898-இல் இன்னும் வெளிப்படை: 1867 ஜனவரி 1-இல் ஓட்டுரிமை இருந்தவரின் மகனோ பேரனோ என்றால் தேர்வே வேண்டாம். அந்தத் தேதியில் அங்கே கறுப்பினத்தவருக்கு ஓட்டே இல்லை. அங்கே பதிவான கறுப்பின வாக்காளர் 1896-இல் 1,30,334 பேர், 1904-இல் 1,342 பேர். தாத்தா விலக்கை 1915-இல் உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது; தேர்வுகளை 1965-இல்தான் நிறுத்த முடிந்தது.

படித்தால் சவுக்கடி என்ற அதே தெற்கு, படிக்கத் தெரியவில்லையே என்று பேரனின் ஓட்டைப் பிடுங்கியது.

#17 மாடசாமி

அடிமைகளில் எத்தனை பேருக்குப் படிக்கத் தெரிந்திருந்தது என்று கணக்கு இருக்கிறதா? எங்கே பார்த்தாலும் 5 சதவீதம், 10 சதவீதம் என்கிறார்கள்.

#18 நிலவழகி

அவை மதிப்பீடுகள். 5 என்பது டு பாய்ஸ் சொன்னது, 10 என்பது கார்ட்டர் உட்சன் சொன்னது; இருவரும் கறுப்பின வரலாற்றாசிரியர்கள். நேரடிக் கணக்கு இருக்க வாய்ப்பில்லை. 1850, 1860 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அடிமைகளுக்குத் தனி அட்டவணை. அதில் எஜமான் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் போன்ற சில விவரங்கள்தான். அடிமையின் பெயரே கிடையாது. எழுத்தறிவுக் கேள்வி சுதந்திரமானவர்களுக்கு மட்டும்தான். படிப்பதை மறைத்தவர்களிடம் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்களா என்ன.

முதன்முதலாக எல்லாரும் பெயரோடு வருவது 1870-இல். அப்போது கறுப்பினத்தவர் உள்ளிட்ட வெள்ளையரல்லாதாரில் எழுத்தறியாதவர் 79.9 சதவீதம். 1900-இல் 44.5, 1910-இல் 30.5. நாற்பது ஆண்டுகளில் இவ்வளவு இறங்கியதற்கு அரசு மட்டும் காரணம் இல்லை. தாங்களே காசு போட்டுக் கட்டிய பள்ளிகள் ஏராளம்.

1870 படிவத்தைப் பார்க்கக் கிடைத்தால் 16, 17-ஆம் பத்திகளைப் பாருங்கள். ஒன்று "படிக்கத் தெரியாது", மற்றது "எழுதத் தெரியாது". தெரியாவிட்டால் கோடு, தெரிந்தால் வெற்றிடம். ஒருவர் பெயருக்கு எதிரே 16 காலியாகவும் 17-இல் ஒற்றைக் கோடும் இருந்தால், அவருக்குப் படிக்கத் தெரியும், எழுதத் தெரியாது என்று அர்த்தம். 1870-இல் முப்பது, நாற்பது வயதான ஒருவர் பெயரில் அப்படி இருந்தால், அவர் அந்தப் படிப்பை எந்த மாகாணத்தில், எந்த ஆண்டில் கற்றிருக்க முடியும் என்று #4-ஐ வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.